ஒரே நட்டில் இரண்டு நடைபாலங்கள்: கன்சாஸ் சிட்டி ஹையாட் ரீஜென்சி சரிவு, 1981

1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் மிசோரி மாநிலத்திலுள்ள கன்சாஸ் சிட்டியில், திறந்து ஓராண்டே ஆகியிருந்த ஹையாட் ரீஜென்சி ஹோட்டலின் முன்கூடத்தில் மாலை நடன நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. கூடத்தில் சுமார் 1,600 பேர். இரவு 7.05 மணிக்கு நான்காம் மாடி நடைபாலம் கூரைக் கம்பிகளிலிருந்து பிய்ந்து, நேர் கீழே அதிலேயே தொங்கிக்கொண்டிருந்த இரண்டாம் மாடி நடைபாலத்தோடு சேர்ந்து தரையில் விழுந்தது. 114 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் 200க்கும் மேல்.

பாலங்களின் மேல் நெரிசல் என்று சொல்லும்படி கூட்டம் இல்லை. இரண்டிலும் சேர்த்து அறுபது சொச்சம் பேர்தான் நின்றிருந்தார்கள். மேலே நின்றவர்கள் தாளத்துக்கு ஆடியதால் அதிர்வு கூடி அறுந்துவிட்டது என்று முதலில் ஒரு பேச்சு கிளம்பியது. அமெரிக்க தேசியத் தரநிலைப் பணியகம், அதாவது இன்றைய நிஸ்ட், 1982 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கைக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விழுந்த நேரத்தில் கம்பிகளில் இருந்த சுமை, நகரக் கட்டட விதிப்படி அவை எடுக்க வேண்டிய டிசைன் சுமையில் ஏறக்குறைய பாதிதான். எஃகின் தரமோ வெல்டிங் வேலையின் தரமோ சரிவைத் தொடங்கிவைக்கவில்லை என்பதையும் அதே அறிக்கை தெளிவாகச் சொன்னது.

பொருள் சரி, வேலை சரி, சுமையோ பாதி. பிறகு ஏன் விழுந்தது? பாலத்தின் எந்த உறுப்பையும் தனியாக எடுத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. ஒரு உறுப்பிலிருந்து அடுத்ததற்குச் சுமை கைமாறும் இடத்தில், அதுவும் ஒரு நட்டு அளவே உள்ள இடத்தில், பதில் இருக்கிறது.

அமைப்பு

முன்கூடத்தின் குறுக்கே மூன்று நடைபாலங்கள் இருந்தன. நான்காம் மாடிப் பாலமும் இரண்டாம் மாடிப் பாலமும் ஒன்றன் நேர் கீழ் ஒன்று. மூன்றாம் மாடிப் பாலம் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி, தனிக் கம்பிகளில் தொங்கியது. ஒவ்வொன்றின் நீளமும் சுமார் 37 மீட்டர், எடை சுமார் 29 டன். அந்த நீளம் 9.1 மீட்டர் கொண்ட நான்கு கண்களாக, அதாவது தாங்கலுக்குத் தாங்கல் உள்ள பகுதிகளாக, பிரிந்திருந்தது. இரு முனைகளையும் கட்டடம் தாங்கியது. நடுவே மூன்று இடங்களில் குறுக்கு பீம்கள். ஒவ்வொரு குறுக்கு பீமின் இரு முனைகளிலும் கூரையிலிருந்து வரும் ஒரு தொங்கு கம்பி. ஆக ஒரு பாலத்துக்கு ஆறு தொங்கு இணைப்புகள்.

குறுக்கு பீமைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். 203 மி.மீ. உயரமுள்ள இரண்டு சி வடிவச் சேனல்கள், அமெரிக்க அட்டவணைப்படி எம்.சி. 8×8.5. அவற்றின் திறந்த பக்கங்களை எதிரெதிராக வைத்து, ஃபிளாஞ்ச் (சி-யின் மேல், கீழ்க் கிடைத் தகடு) நுனிகள் தொடும் கோட்டில் வெல்டிங் செய்தால் உள்ளீடற்ற ஒரு பெட்டி கிடைக்கும். அகலம் சுமார் 95 மி.மீ. ஃபிளாஞ்சின் தடிமன் 7.9 மி.மீ., வெப்பின் (சி-யின் செங்குத்து முதுகுத் தகடு) தடிமன் 4.5 மி.மீ. முனையருகே மேலும் கீழும் துளையிட்டு 32 மி.மீ. கம்பியை உள்ளே விட்டு, அடியில் ஒரு வாஷர், ஒரு நட்டு. துளை விழுந்த இடம் சரியாக வெல்டிங் கோட்டின் மேல். அடியில் தாங்கு தகடு இல்லை. உள்ளே விறைப்புத் தகடும் இல்லை.

பெட்டி வடிவம் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கும், முறுக்கத்துக்கும் நல்லது. ஆனால் நட்டு அழுத்துவது அந்தப் பெட்டியின் மிக நோஞ்சானான இடத்தில். சுமையை உண்மையில் எடுக்கக்கூடிய வெப்புகள் இரு ஓரங்களில் நிற்கின்றன. நட்டோ நடுவில், இரண்டு ஃபிளாஞ்ச் நுனிகளும் ஒட்டிய கோட்டில், அதையும் துளைபோட்டு வெட்டிவிட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வரும் சுமை எவ்வளவு

இந்தக் கணக்கை ஒரு காகிதத் துண்டில் போட்டுவிடலாம். ஒரு குறுக்கு பீம், அதன் இருபுறமும் அரை அரைக் கண் நீளத்தைத் தாங்குகிறது. எனவே அதன் பங்கு 9.1 மீட்டர் நீளப் பாலம். 29 டன்னில் நான்கில் ஒன்று 7.25 டன். அது இரு கம்பிகளுக்குப் பிரிந்தால் ஒரு கம்பிக்கு 3.6 டன், அதாவது சுய எடை சுமார் 36 கிலோநியூட்டன்.

லைவ் லோடுக்கு, அதாவது மேலே நிற்கும் மனிதர்களின் எடைக்கு, நகர விதி கேட்டது சதுர அடிக்கு 100 பவுண்டு. அது சதுர மீட்டருக்கு 4.8 கிலோநியூட்டன். நடைபாதை அகலம் சுமார் 2.5 மீட்டர் என்று எடுத்தால், ஒரு கம்பியின் பங்குப் பரப்பு 9.1 × 1.25 = 11.4 சதுர மீட்டர். லைவ் லோடு 54 கிலோநியூட்டன். இரண்டையும் கூட்டினால் ஒரு பாலத்துக்கு, ஒரு தொங்கு இணைப்பில் 90 கிலோநியூட்டன். தளத்தில் பேசும் கணக்கில் 9 டன். ஆய்வறிக்கையும் இந்த 90ஐத்தான் டிசைன் சுமையாக எடுத்துக்கொண்டது.

அன்றைய அமெரிக்க எஃகு விதிகள் அனுமதிக்கப்பட்ட தகைவு முறையில் இருந்தன; தகைவு, அதாவது ஒரு பரப்பில் வரும் விசை, ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது என்பது அந்த முறை. அதில் உள்ளடங்கிய பாதுகாப்புக் காரணி 1.67. எனவே இந்த இணைப்பு உடையும் நிலையில் குறைந்தது 90 × 1.67 ≈ 151 கிலோநியூட்டன் தாங்கியிருக்க வேண்டும்.

இணைப்பு எவ்வளவு தாங்கும்

ஆய்வாளர்கள் இதே போன்ற பெட்டி பீம் முனைகளைச் செய்து, ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த ஒரு மாற்றம் இல்லாமல், முதலில் வரைந்தபடியே கட்டியிருந்தால்கூட இந்த இணைப்பு விதி கேட்டதில் சுமார் 60 சதவீதம்தான் தாங்கியிருக்கும் என்பது முடிவு. 151இல் 60 சதவீதம் என்றால் 90ஐ ஒட்டிய எண். அதாவது உடையும் சுமையும் அன்றாடச் சேவைக்கான டிசைன் சுமையும் கிட்டத்தட்ட ஒன்றே. பாதுகாப்புக்கு என்று எதுவும் மிச்சம் இல்லை.

ஆய்வுக்கூடம் இல்லாமலும் இதை முன்கூட்டியே பிடித்திருக்கலாம் என்பதுதான் உறுத்துகிறது. 7.9 மி.மீ. தடிமன், 250 மெகாபாஸ்கல் எஃகு என்றால் ஃபிளாஞ்ச் தகட்டின் முழு நெகிழ்வுத் திருப்புத்திறன் (மடிவதற்கு முன் அது வளைவை எதிர்க்கும் உச்ச அளவு) ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு 7.9² ÷ 4 × 250 ≈ 3,900 நியூட்டன் மில்லிமீட்டர். நட்டின் விளிம்பிலிருந்து வெப்பு வரை கை நீளம் 20 முதல் 30 மி.மீ. இருக்கும். வளைவதில் பங்குகொள்ளும் நீளம் 100 முதல் 125 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், துளை பீமின் முனையிலிருந்து 50 மி.மீ.தான் உள்ளே இருப்பதால் இதற்கு மேல் எடுக்க மனசாட்சி இடம் தராது. நுனிகள் வெல்டிங்கால் பிணைந்திருப்பதால் ஒவ்வொரு ஃபிளாஞ்சிலும் இரண்டு வளைவுக் கீல்கள் (தகடு மடியும் கோடுகள்) உருவாகும் என்று தாராளமாகவே எடுப்போம். அப்போது இரு ஃபிளாஞ்சும் சேர்ந்து தருவது 52 முதல் 98 கிலோநியூட்டன் வரை.

இது தோராயக் கணக்கு. வெப்பின் வளைவையும் துளையால் வெல்டிங் இழந்ததையும் சேர்க்கவில்லை. ஆனாலும் எந்த நியாயமான அனுமானத்தை மாற்றிப் போட்டாலும் விடை 151ஐ எட்டாது. பத்து நிமிட வேலை. டிசைன் கோப்பில் இந்த இணைப்புக்கென்று அந்தப் பத்து நிமிடம் ஒதுக்கப்படவில்லை.

கம்பியை இரண்டாக்கிய மாற்றம்

முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து இரண்டாம் மாடிப் பாலம் வரை ஒரே நீளக் கம்பி. நான்காம் மாடி பீமை ஊடுருவிக் கீழே போகும். நான்காம் மாடி பீமுக்கு அடியில் ஒரு நட்டு, இரண்டாம் மாடி பீமுக்கு அடியில் இன்னொரு நட்டு. ஒவ்வொரு நட்டும் தன் மேல் இருக்கும் பாலத்தை மட்டும் தாங்கும்.

எஃகு வேலை செய்த ஹேவன்ஸ் ஸ்டீல் நிறுவனத்துக்கு இதில் ஒரு நியாயமான சிக்கல். நான்காம் மாடி நட்டு அதன் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கம்பியின் கீழ் முனையிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாடி உயரம் திருகிக்கொண்டே மேலே ஏற வேண்டும். அவ்வளவு நீளத்துக்கும் மரை வெட்ட வேண்டும். அப்படி மரை வெட்டிய கம்பியைத் தூக்கி நிறுத்தும்போது ஓரிடத்தில் மரை நசுங்கினாலும் நட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும். தளத்தில் வேலை பார்த்த எவரும் இந்தக் கவலையைக் குறை சொல்லமாட்டார்கள். வரைபடம் போட்ட மேசையில் யாரும் நட்டைத் திருகிப் பார்க்கவில்லை.

எனவே கம்பி இரண்டானது. ஒன்று கூரையிலிருந்து நான்காம் மாடி பீம் வரை. மற்றொன்று நான்காம் மாடி பீமிலிருந்து இரண்டாம் மாடி பீம் வரை. மேல் கம்பியின் துளை பீம் முனையிலிருந்து 50 மி.மீ.; கீழ்க் கம்பியின் துளை அதிலிருந்து இன்னும் 100 மி.மீ. உள்ளே. கீழ்க் கம்பி நான்காம் மாடி பீமின் மேல்முகத்தில் ஒரு நட்டைப் பிடித்துத் தொங்கியது.

இப்போது நான்காம் மாடி பீமின் அடியிலுள்ள நட்டை மட்டும் தனியே பிரித்து, அதன் மேல் வரும் விசைகளை எழுதிப் பாருங்கள். முதல் வரைபடத்தில் அதற்கு வருவது 90. இரண்டாம் மாடிப் பாலத்தின் 90 கம்பிக்குள்ளேயே நேராக மேலே போய்விடும். நான்காம் மாடி பீமுக்கு அது தெரியவே தெரியாது. மாற்றிய பிறகு அந்த 90, கீழ்க் கம்பி வழியாக நான்காம் மாடி பீமின் மேல்முகத்தில் ஏறி, 100 மி.மீ. தூரம் பெட்டிக்குள் பயணித்து, மேல் கம்பியின் நட்டில் வந்து உட்காருகிறது. நட்டுக்கு வருவது, முழு எண்ணாக்காமல் கூட்டினால், 181 கிலோநியூட்டன். விதிப்படி உடையும் நிலையில் தேவைப்படுவது 302. தாங்குதிறனோ அதே 90 சொச்சம். இதைத்தான் விதி கேட்டதில் 30 சதவீதம் என்று சொல்கிறார்கள்.

கம்பியைப் பொறுத்தவரை இந்த மாற்றத்தில் எந்த வேறுபாடும் இல்லை. நான்காம் மாடிக்கு மேலே உள்ள கம்பி முன்பும் இரண்டு பாலங்களைத் தாங்கியது, மாற்றிய பிறகும் இரண்டையே தாங்கியது. பாலத்தின் நீள பீம்களுக்கும் தளத்துக்கும் ஒன்றும் மாறவில்லை. உறுப்புகளை மட்டும் சரிபார்க்கிற ஒருவர் பழைய வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு கம்பி இரண்டு கம்பியாகியிருக்கிறது, விட்டம் அதேதான், சரி என்று கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். இரட்டிப்பான சுமை எந்த உறுப்பின் பட்டியலிலும் வராது. நட்டில் மட்டும்தான் தெரியும்.

கம்பியும் குற்றமற்றது அல்ல. 32 மி.மீ. கம்பியில் மரை வெட்டிய பிறகு இழுவைக்கு மிஞ்சும் பரப்பு சுமார் 625 சதுர மி.மீ. 181 கிலோநியூட்டனுக்கு அதில் வரும் தகைவு 290 மெகாபாஸ்கல். சாதாரண 250 தர எஃகு என்றால் டிசைன் சுமையிலேயே நெகிழ்ந்திருக்கும். கூரைக் கம்பிகளும் மூன்றாம் மாடிக் கம்பிகளும் விதியை நிறைவுசெய்யவில்லை என்று அறிக்கையும் சொல்கிறது. கம்பிக்கு முன்பே பெட்டி கிழிந்துவிட்டதால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

மிச்சமிருந்தது எவ்வளவு

விகிதங்களைவிட இந்தக் கணக்கு நிலைமையை நன்றாகக் காட்டும். இரண்டு பாலங்களின் சுய எடை மட்டும் ஒரு இணைப்பில் 72 கிலோநியூட்டன். தாங்குதிறன் 90 என்று தாராளமாக வைத்தால், மனிதர்களுக்கு மிச்சம் 18. அதை இரு பாலங்களின் பங்குப் பரப்பான 22.8 சதுர மீட்டருக்குப் பிரித்தால் சதுர மீட்டருக்கு 0.8 கிலோநியூட்டன். விதி கேட்டது 4.8. வீட்டு அறைக்குக்கூட நாம் 2 எடுக்கிறோம். பொது மக்கள் நடமாடும் பாலம், உடையும் நிலையில், 0.8.

கட்டிய நாளிலிருந்தே இந்தப் பாலங்களுக்குத் தங்கள் சொந்த எடையைத் தாங்குவதற்கு மேல் பெரிதாக எதுவும் திறன் இருக்கவில்லை என்று ஆய்வறிக்கை எழுதியது மிகைப்படுத்தல் அல்ல. ஓராண்டு நின்றதற்குக் காரணம், அந்த ஓராண்டில் யாரும் அதிகம் பேர் ஒரே நேரத்தில் அங்கு நின்று வேடிக்கை பார்க்கவில்லை என்பதாக மட்டுமே இருக்க முடியும். கூட்டத்தின் எண்ணிக்கையைவிட அது நிற்கும் இடம் முக்கியம். கீழே நடப்பதைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கக் கைப்பிடியை ஒட்டி நின்றால், அந்தப் பக்கக் கம்பிக்கு சராசரியைவிட அதிகம் போகும். சராசரியாகப் பார்த்தால் அன்று பாலங்களின் மேல் சதுர மீட்டருக்கு 25 கிலோ அளவே இருந்திருக்கும்.

உடைந்த விதமும் இதோடு பொருந்துகிறது. நட்டு கீழ் ஃபிளாஞ்சுகளை மேல்நோக்கி மடக்கி, வெல்டிங் கோட்டைப் பிளந்து, பெட்டிக்குள் நுழைந்து, மேல் துளை வழியாகவும் வெளியேறிவிட்டது. கம்பிகள் அறுபடாமல், முனையில் நட்டும் வாஷரும் அப்படியே இருக்க, கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. நான்காம் மாடியின் ஆறு இணைப்புகளில் எது வேண்டுமானாலும் முதலில் போயிருக்கலாம் என்பது அறிக்கையின் கருத்து. ஒன்று போனதும் அதன் பங்கு பக்கத்து இணைப்புகளுக்குப் போகும். அவை ஏற்கனவே விளிம்பில் நின்றவை. மாற்றுப் பாதை என்று ஒன்று இந்த அமைப்பில் கிடையாது.

விழாமல் நின்ற மூன்றாம் மாடிப் பாலம் ஒரு நல்ல சாட்சி. அதன் இணைப்பிலும் அதே பெட்டி, அதே நட்டு; ஒரே ஒரு பாலத்தின் சுமை மட்டும். அங்கும் ஃபிளாஞ்சுகள் நட்டைச் சுற்றி வளையத் தொடங்கியிருந்தன. கம்பி மாற்றம் மட்டுமே குற்றவாளி என்று சொல்பவர்கள் இந்த வளைவை விளக்க வேண்டியிருக்கும்.

யார் பார்த்திருக்க வேண்டும்

கட்டமைப்பு டிசைன் ஜாக் டி. கில்லம் அண்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்துடையது. திட்டப் பொறியாளர் டேனியல் டங்கன். ஹேவன்ஸ் தயாரித்த 42 ஷாப் டிராயிங்குகள் (தொழிற்கூடத்தில் எஃகை வெட்டித் துளையிடுவதற்கான விரிவான வரைபடங்கள்) 1979 பிப்ரவரி 16 அன்று வந்தன. 26 அன்று பொறியாளரின் முத்திரையோடு திரும்பின. கம்பி மாற்றம் அவற்றில் தெளிவாகவே வரையப்பட்டிருந்தது. மாற்றத்தைப் பற்றித் தொலைபேசியில் கேட்டு ஒப்புதல் வாங்கியதாக ஹேவன்ஸ் தரப்பு சொன்னது. அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்று பொறியாளர் தரப்பு சொன்னது. எழுத்தில் எதுவும் இல்லை.

இதைவிட அடிப்படையான ஓட்டை வேறு இடத்தில். சாதாரண எஃகு இணைப்புகளை அட்டவணையைப் பார்த்து எஃகு நிறுவனமே டிசைன் செய்வது அங்கே வழக்கம். பெட்டிக்குள் கம்பி நுழையும் இணைப்பு எந்த அட்டவணையிலும் இல்லாதது. பொறியாளரின் வரைபடத்தில் கம்பியும் பீமும் இருந்தன. இணைப்பின் விவரம் இல்லை, அதில் வரும் விசையும் குறிக்கப்படவில்லை. வரைபடத்தில் காட்டியதையே பொறியாளர் முடிவாக டிசைன் செய்துவிட்டார் என்று எஃகுத் தரப்பு எடுத்துக்கொண்டது. இணைப்பை எஃகுத் தரப்பு டிசைன் செய்யும் என்று பொறியாளர் தரப்பு எடுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அடுத்தவர் போட்டதாக நம்பிய கணக்கு, யார் மேசையிலும் இல்லை.

நடுவில் ஒரு மணியும் அடித்தது. 1979 அக்டோபர் 14 அன்று, கட்டுமானத்தின்போதே, முன்கூடத்துக் கூரையில் 250 சதுர மீட்டருக்கும் அதிகமான பகுதி விழுந்தது. அதற்கும் காரணம் ஒரு இணைப்புதான். அதன் பிறகு முன்கூடத்தின் எஃகு இணைப்புகள் அனைத்தையும் மறுபடி சரிபார்ப்பதாகக் கில்லம் நிறுவனம் உறுதி தந்தது. நடைபால இணைப்புகள் அந்தச் சரிபார்ப்புக்குள் வரவில்லை.

விபத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே கம்பி மாற்றத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டது கன்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ். அதற்காக ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்தியிருந்தார்கள். ஸ்டாருக்கும் அதன் சகோதர நாளிதழான டைம்ஸுக்கும் 1982இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. குற்ற வழக்கு எதுவும் நிற்கவில்லை. ஆனால் மிசோரி உரிம வாரியத்தின் புகாரை விசாரித்த நிர்வாக நீதிபதி, 1985 நவம்பரில், கில்லமும் டங்கனும் கடும் கவனக்குறைவுக்கும் தொழில்முறை தவறுக்கும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தார். அதையடுத்து மிசோரியில் இருவரின் உரிமங்களும் நிறுவனத்தின் அனுமதியும் ரத்தாயின. ஷாப் டிராயிங்கில் முத்திரை வைப்பது வெறும் சடங்கு, இணைப்பு எஃகு நிறுவனத்தின் பொறுப்பு என்ற வாதம் ஏற்கப்படவில்லை. கட்டமைப்பின் மொத்தப் பாதுகாப்புக்கும் பொறியாளரே பொறுப்பு என்ற நிலைப்பாட்டை அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கமும் எடுத்தது.

எப்படிச் செய்திருக்கலாம்

கம்பியை இரண்டாக்குவதில் தவறே இல்லை. இரண்டாக்கிய பிறகும் சுமை பெட்டிக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். மேல் கம்பியின் கீழ் முனையையும் கீழ்க் கம்பியின் மேல் முனையையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, உள் மரை கொண்ட நீளமான கப்ளர் ஒன்றால் பீமுக்கு அடியில் இணைத்திருந்தால், மரை கப்ளரின் இருபுறமும் சில அங்குலமே தேவைப்பட்டிருக்கும். நான்காம் மாடி பீமின் நட்டு கப்ளருக்கு மேலே, தன் பாலத்தை மட்டும் தாங்கி நிற்கும். இன்னொரு வழி, இரண்டாம் மாடிக்குத் தனிக் கம்பியைக் கூரையிலிருந்தே இறக்கி, நான்காம் மாடி பீமில் நட்டு இல்லாமல் துளை வழியே விட்டுவிடுவது. எஃகுச் செலவு கொஞ்சம் கூடும். கூரையில் கூடுதலாக ஒரு பிடிப்பு வேண்டும்.

எந்த வழியானாலும் பெட்டி முனையைப் பலப்படுத்தியே ஆக வேண்டும். முதல் வரைபடமே 60 சதவீதம்தான். நட்டுக்கு அடியில் 20 முதல் 25 மி.மீ. தடிமனுள்ள தகட்டை, இரு வெப்புகளையும் தொடும் அகலத்துக்கு வைத்தால், அழுத்தம் நுனிகளை விட்டுவிட்டு வெப்புகளுக்கு நேராகப் போகும். வெப்பு 4.5 மி.மீ.தான் என்பதால் அங்கே நசுங்கலையும் மடிப்பையும் தனியே பார்த்து, கம்பியின் இருபுறமும் விறைப்புத் தகடு வைக்க வேண்டியிருக்கும். பெட்டியாக மூடிவிட்டால் உள்ளே விறைப்புத் தகடு வெல்டிங் செய்ய முடியாது. மூடுவதற்கு முன்பே வைத்தாக வேண்டும். அதனால் சேனல்களின் முதுகுகள் எதிரெதிரே இருக்க, நடுவில் கம்பி போகும் இடைவெளி விட்டு, தடித்த தகடு ஒன்றை இரண்டு வெப்புகளுக்கும் அடியில் போடும் பழைய முறைதான் எங்கள் பார்வையில் நல்லது. எல்லாம் வெளியே தெரியும், எல்லாவற்றையும் வெல்டிங் செய்யலாம், பின்னாளில் ஆய்வும் செய்யலாம்.

இதையே இந்திய எஃகு விதியான ஐ.எஸ். 800:2007இன் எல்லைநிலை முறையில், அதாவது சுமையை 1.5ஆல் பெருக்கி, தாங்குதிறனை 1.1ஆல் வகுத்துப் போட்டால்: (36 + 54) × 1.5 = 135 கிலோநியூட்டன் ஒரு பாலத்துக்கு; மாற்றிய பிறகு 270. தாங்குதிறன் 90 ÷ 1.1 = 82. தேவைக்கும் திறனுக்கும் உள்ள விகிதம் முதல் வரைபடத்தில் 1.65, கட்டியதில் 3.3. பழைய முறையில் வந்ததும் இதே விகிதங்கள்தான், 1.5 × 1.1 என்பதும் 1.67 என்பதும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே இது பழைய விதி, பழைய முறை என்று ஒதுக்கிவிட முடியாது. கணினி மாதிரி இன்று இதைப் பிடிக்குமா என்றால், பிடிக்காது. மாதிரியில் கம்பியும் பீமும் இரண்டு கோடுகள், அவை சந்திக்கும் இடம் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஃபிளாஞ்ச் தடிமன் கிடையாது. கம்பி 100 மி.மீ. தள்ளியிருப்பதை மாதிரியில் வரையவில்லை என்றால், பழைய டிசைனுக்கும் புதியதற்கும் வெளியீட்டில் ஒரு எண் கூட மாறாது. உறுப்பு விகிதங்கள் எல்லாம் பச்சையாகவே, அதாவது பாதுகாப்பு என்றே, காட்டும்.

வரைபடத்தில் அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு இணைப்புக்கும் அருகே அதன் வழியே போகும் விசையை எண்ணாக எழுதுவதும், அதை யார் டிசைன் செய்கிறார் என்று குறிப்பதும் இந்த வழக்குக்குப் பிறகு அமெரிக்காவில் அழுத்தம் பெற்ற பழக்கங்கள். நான்காம் மாடி நட்டுக்கு அருகே "90" என்று மட்டும் எழுதியிருந்தால்கூட, கம்பியை இரண்டாக வரைந்தவர் தன் வரைபடத்தில் அந்த எண்ணை மறுபடி எழுதும்போது நின்றிருப்பார். ஷாப் டிராயிங்கைச் சரிபார்ப்பவர்களுக்கும் இது வேலையைக் குறைக்கும். அளவும் விட்டமும் பொருந்துகிறதா என்று தேடுவதற்கு முன், மாறிய ஒவ்வொரு விவரத்திலும் நட்டு, போல்ட், வெல்டிங் என்று சுமை கைமாறும் இடங்களை எண்ணி, ஒவ்வொன்றையும் தனியே பிரித்து விசை எழுதிப் பார்த்தால் போதும். பழைய வரைபடத்தில் இல்லாத ஒரு கைமாற்றம் புதியதில் முளைத்திருந்தால், அங்கே தாங்குதிறன் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஹோட்டலில் நின்றிருந்த மூன்றாம் மாடிப் பாலத்தையும் சில நாட்களில் கழற்றி எடுத்துவிட்டார்கள். சீரமைத்தபோது தொங்கு பாலங்கள் திரும்ப வரவில்லை. இரண்டாம் மாடி மட்டத்தில் மட்டும் ஒரு நடைபாதை, தரையிலிருந்து எழும் தூண்களின் மேல்.